பிளாஸ்டிக் சர்ஜரி சுழற்சியில் எதைக் கற்றுக்கொண்டு போவது? – கேள்வி பதில்

பொது அறுவை சிகிச்சை, எலும்பியல், காது மூக்கு தொண்டை என்று பல துறைகளிலிருந்தும் முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள் சில வாரங்களுக்கு எங்கள் பிரிவுக்கு வந்து போகிறார்கள். வரும்போது பெரும்பாலோர் முகத்தில் ‘இது எனக்கு எதற்கு?’ என்று எழுதியிருக்கும். போகும்போது சிலராவது கேள்விகளோடு போவார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் சில கீழே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டேன்; நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (பொது அறுவை சிகிச்சை, இரண்டாம் ஆண்டு): இரண்டே மாதம்தான் இருக்கப்போகிறேன். அதற்குள் ஃப்ரீ ஃபிளாப் செய்யக் கற்றுக்கொள்ள முடியாது என்பது எனக்கே தெரியும். பிறகு எதைத்தான் இலக்காக வைத்துக்கொள்வது?

பதில்: முடியாதுதான். திசுவை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, வேறோர் இடத்தில் நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் வேலைக்குப் பல வருடம் பிடிக்கும். உங்களிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் எதிர்பார்ப்பது இது. நள்ளிரவில் ஒரு காயத்தின் முன் உங்களைத் தனியாக நிறுத்தினால், தொலைபேசியில் எனக்கு நான்கைந்து வாக்கியத்தில் அதைச் சொல்லத் தெரிய வேண்டும். எந்த அடுக்குவரை போயிருக்கிறது, வெளியே தெரிவது தசையா தசைநாணா எலும்பா, சுற்றியுள்ள தோலில் உயிர் இருக்கிறதா, இன்றே மூடலாமா, மூடக் கூடாதென்றால் ஏன். ‘ஒரு பெரிய காயம் சார், வந்து பாருங்கள்’ என்பது விவரம் ஆகாது.

மூடும் வழிகளை ஏணிப்படியாகச் சொல்வது வழக்கம்: தானாக ஆறவிடுவது, நேரடித் தையல், தோல் ஒட்டு, பக்கத்துத் தோலை நகர்த்தும் ஃபிளாப், தூரத்திலிருந்து வரும் ஃபிளாப், கடைசியில் ஃப்ரீ ஃபிளாப். இதை மனப்பாடம் செய்துவிட்டு, எல்லா நோயாளியையும் கீழ்ப்படியிலிருந்து ஏற்றத் தொடங்கிவிடாதீர்கள். முறிந்த எலும்பு வெளியே தெரிகிற காலுக்கு முதல் நாளே மேல்படி தேவைப்படலாம். அங்கே தையலையும் ஒட்டையும் முயன்று பார்ப்பது மூன்று வாரத்தை வீணாக்கும்.

இன்னொன்று. இறந்த திசுவை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்வதைச் சின்ன வேலை என்று எண்ணிக் கடைசி ஆளிடம் தள்ளிவிடுகிறோம். அது சரியாக நடக்காத காயத்தின் மேல் நான் எதை வைத்தாலும் நிற்காது. இந்த இரண்டு மாதத்தில் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் எனக்குத் திருப்தி.

கேள்வி (பொது அறுவை சிகிச்சை, மூன்றாம் ஆண்டு): தையல் போட எனக்கு நன்றாகவே தெரியும். இங்கே வந்த முதல் வாரமே ‘தையலிலிருந்து தொடங்கு’ என்றார்கள். கொஞ்சம் அவமானமாக இருந்தது.

பதில்: எனக்கும் இருந்தது. ஆறு மாதம் கழித்து என் பழைய தையல் ஒன்றை வெளிநோயாளிப் பிரிவில் பார்த்தபோது அந்த அவமானம் வேறு விதமாக மாறியது. ரயில் தண்டவாளம் போலக் குறுக்கே கோடுகள்!

தோலின் விளிம்பை இடுக்கியால் நசுக்காமல், கொக்கியால் தூக்கிப் பழகுங்கள். இழுவிசையை உள்தோல் அடுக்கில் போடும் ஆழத் தையல் தாங்க வேண்டும். மேல் தையலுக்கு விளிம்புகளை ஒட்டவைக்கும் வேலை மட்டும்தான். விளிம்பு சற்றே வெளிப்புறம் புடைத்து நிற்கட்டும், ஆறும்போது தட்டையாகிவிடும். முகத்தில் மேல் தையலைச் சுமார் 5 நாளில் எடுத்துவிட வேண்டும். இழுவை அதிகமுள்ள முதுகிலும் மூட்டுகளிலும் 10 முதல் 14 நாள் ஆகலாம். தண்டவாளக் கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கைநடுக்கம் அல்ல. இறுக்கிக் கட்டியதும், எடுக்க மறந்ததும்தான்.

உதடு கிழிந்திருந்தால், சிவப்பும் தோலும் சேரும் கோட்டை மரப்பு ஊசிக்கு முன்னால் மையால் குறியுங்கள். ஊசி போட்டபின் வீங்கி, வெளுத்து, கோடு மறைந்துவிடும். முதல் தையல் அங்கேதான். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரே உட்கார்ந்து பேசுபவருக்குத் தெரியும். புருவத்தை ஒருபோதும் மழிக்காதீர்கள். அதை வைத்துத்தான் இரு பக்கத்தையும் பொருத்துகிறோம்.

கேள்வி (எலும்பியல்): தோல் ஒட்டு சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்கு உரிந்து வந்துவிடுகிறது. இதில் பயிற்சி மருத்துவரின் கையில் இருப்பது என்ன?

பதில்: ஏறக்குறைய எல்லாமே. ஒட்டவைத்த தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள் அடியிலுள்ள திரவத்தை உறிஞ்சிப் பிழைத்திருக்கும். இரண்டு மூன்றாம் நாளில் அதன் பழைய நுண்குழாய்கள் அடித்தளத்துக் குழாய்களோடு வாய் சேரும். ஐந்தாறு நாளில் ஓட்டம் நிலைப்படும். இந்தச் சில நாளில் ஒட்டுக்கும் தளத்துக்கும் நடுவே எது புகுந்தாலும் கதை முடிந்தது. இரத்தக் கட்டு, நிணநீர், சீழ் ஆகியவை நுழையலாம். எதுவும் நுழையாவிட்டாலும் ஒட்டு வழுக்கி நகர்ந்தால் போதும், பிடிக்காது.

பயிற்சிக் காலத்தில் நான் வைத்த ஒட்டு ஒன்று படம் எடுத்து மாட்டலாம் போல இருந்தது. மறுநாள் நடுவில் கருநீலமாகப் புடைத்திருந்தது. தளத்தில் ஊறிக்கொண்டிருந்த இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்கப் பொறுமை இல்லாமல், அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று மூடிவிட்டேன். அந்த நோயாளிக்கு இரண்டாம் முறை தொடையிலிருந்து தோல் எடுக்க வேண்டி வந்தது. ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும் என்பதை அவர் எனக்கு விளக்கமாகவே சொன்னார்.

உங்கள் துறைக்கு முக்கியமானது ஒன்று உண்டு. மேலுறை போன எலும்பின் மீதும், உறை உரிந்த தசைநாணின் மீதும் ஒட்டு பிடிக்காது. ஆகவே முறிவைச் சரிசெய்யும்போது அந்த மெல்லிய உறைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள். உறை இருந்தால் ஒட்டோடு முடியும், இல்லாவிட்டால் ஃபிளாப்.

கேள்வி (பொது அறுவை சிகிச்சை, முதலாம் ஆண்டு): தீக்காயத்துக்குத் திரவம் கொடுக்கும் பார்க்லண்ட் கணக்கு மனப்பாடமாகத் தெரியும். அது போதும்தானே?

பதில்: சூத்திரம் தெரிந்த பலர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். 70 கிலோ எடை, உடல் பரப்பில் 30 சதவீதத் தீக்காயம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதத்துக்கு 4 மில்லிலிட்டர். 4 × 70 × 30 = 8,400 மில்லிலிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். இதில் பாதியான 4,200 முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது, வார்டுக்கு வந்ததிலிருந்து அல்ல. 3 மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் மிச்சம் 5 மணி நேரம்தான். அப்போது மணிக்கு 840.

அதுவும் தொடக்கப் புள்ளிதான். பின்னர் வழிகாட்டுவது சிறுநீர். பெரியவர்களுக்கு ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டர், குழந்தைகளுக்கு 1 என்று வந்தால் சரி. அதற்கு மேல் போனால் மகிழ்ச்சியடையாமல் சொட்டைக் குறையுங்கள். அதிகத் திரவமும் ஆளைக் கொல்லும். சூத்திரத்தில் 4க்குப் பதிலாக 2 மில்லிலிட்டரிலிருந்தே தொடங்கும் முறையும் இப்போது இருக்கிறது. வெறும் சிவப்பைச் சதவீதத்தில் சேர்க்கக் கூடாது. சிதறிய காயங்களுக்கு நோயாளியின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து ஏறத்தாழ 1 சதவீதமாக வைத்து அளக்கலாம். உங்கள் கையை அல்ல, நோயாளியின் கையை.

கையையோ மார்பையோ சுற்றி வளைத்த ஆழ்ந்த தீக்காயத்தைப் பார்த்தால் கணக்கை விட்டுவிட்டு முதலில் எங்களை அழையுங்கள். அந்த இறுகிய தோலைக் கீறிவிடக் காத்திருக்க முடியாது.

கேள்வி: அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தை விரலில் போடக் கூடாது என்று படித்தேன். இங்கே போடுகிறார்களே?

பதில்: பழைய தடை. மரப்பு மருந்தோடு நீர்த்து வரும் அட்ரினலினால் நல்ல விரல் கெடுவதில்லை என்பது இப்போது ஏற்கப்பட்டுவிட்டது. அதன் விளைவை முறிக்கும் மருந்தாக ஃபென்டோலமைனும் உண்டு. ஏற்கெனவே இரத்த ஓட்டம் குன்றிய விரலில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (அவசரப் பிரிவிலிருந்து): கையில் வெட்டுக்காயம் என்றால் நாங்கள் சுத்தம் செய்து தைத்து அனுப்புகிறோம். அடுத்த வாரம் ‘தசைநாண் அறுந்திருக்கிறது’ என்று உங்களிடமிருந்து கடிதம் வருகிறது. எங்கே தவறுகிறோம்?

பதில்: மரப்பு ஊசியை முதலில் போட்டுவிடுகிறீர்கள். அதன்பின் உணர்ச்சியைச் சோதிக்க என்ன இருக்கிறது? முதலில் தொட்டுப் பார்த்து, அசைக்கச் சொல்லி, எழுதிவைத்துவிட்டுத்தான் ஊசி.

கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள். நடு எலும்பைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால் ஆழ்நாண் தெரியும். மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு இந்த விரலை மடக்கச் சொன்னால் மேல்நாண் தெரியும். ‘கையை மூடுங்கள்’ என்று சொல்லி, மூடினால் ‘சரி’ என்று எழுதுவது சோதனை ஆகாது. பாதி அறுந்த நாணும் விரலை மடக்கும். எதிர்ப்புக் கொடுத்து மடக்கச் சொல்லும்போது வலித்தால் சந்தேகப்படுங்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு விரல் நுனியைத் தடவிப் பாருங்கள். நரம்பு அறுந்த நுனி வியர்க்காமல் உலர்ந்து வழுவழுப்பாக இருக்கும்.

துண்டான விரலோடு யாராவது வந்தால்: உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி மேலேயே வைத்தால் உறைந்து கெட்டுவிடும்.

கேள்வி (பொது அறுவை சிகிச்சை, இரண்டாம் ஆண்டு): ஃப்ரீ ஃபிளாப் செய்த நோயாளியை இரவில் மணிக்கொரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். நிஜமாகவே பயமாக இருக்கிறது. வீணாக எழுப்பினால் திட்டுவார்களோ என்று வேறு.

பதில்: பயம் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். இணைத்த இரத்தக் குழாய் அடைபடுவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில்தான்.

ஃபிளாப் வெளுத்து, குளிர்ந்து, அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமானால் தமனியில் சிக்கல். நீலம் பாரித்து, வீங்கி, அழுத்தி விட்டவுடன் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் சிக்கல். ஊசியால் குத்தினால் இதில் கருஞ்சிவப்பு இரத்தம் வேகமாக வரும். இரண்டாவது வகைதான் ஏமாற்றும். ‘நிறம் சீக்கிரம் திரும்புகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே விளக்கொளியில் பாருங்கள். பணி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக நின்று பாருங்கள், ‘லேசான நீலம்’ ஆளுக்கு ஆள் மாறும்.

சந்தேகம் வந்தால் முதலில் அழையுங்கள். நாங்கள் வந்து சேர்வதற்குள் கட்டு இறுகியிருக்கிறதா, நோயாளி அந்த இரத்தக் குழாயின் மேல் படுத்திருக்கிறாரா, மூச்சுக்காகக் கழுத்தில் செருகிய குழாயைக் கட்டும் நாடா அழுத்துகிறதா என்று பாருங்கள். வீணாக எழுப்பியதற்காக நான் யாரையும் திட்டியதில்லை. காலைவரை காத்திருந்த ஒருவரைத் திட்டியிருக்கிறேன். அந்த ஃபிளாப் போய்விட்டது.

கேள்வி (பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருக்கும் இளம் ஆசிரியர்): இலக்குகளை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ‘காயம் ஆறும் விதத்தை அறிந்திருத்தல்’, ‘குழுவாகப் பணியாற்றுதல்’ என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். சரியா?

பதில்: கோப்பில் வைக்கச் சரி. ‘அறிந்திருத்தல்’ நடந்ததா என்று எட்டாவது வாரம் எப்படிப் பார்ப்பீர்கள்? அமெரிக்காவில் முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ. வகுத்த ஆறு திறன்களைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, கீழே காற்றை நிரப்புகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. தலைப்புகளில் குறையில்லை, நிரப்புவதில்தான் இருக்கிறது.

கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். ‘தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீரான தடிமனில் எடுத்து, ஒட்டி, ஐந்தாம் நாள் தானே கட்டைப் பிரித்து, எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறது என்று எழுதுவார்.’ முதலாம் ஆண்டு மாணவருக்கும் நான்காம் ஆண்டு மாணவருக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் பார்த்தாரா, நான் கைபிடிக்கச் செய்தாரா, நான் அறைக்கு வெளியே நிற்கச் செய்தாரா என்று மட்டும் குறித்தால் போதும். நான்காவது வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். கடைசி நாளில் சொல்லும் குறையை யாராலும் திருத்த முடியாது.

கேள்வி: அழகுக்கான அறுவை சிகிச்சைகளையும் பார்க்க வேண்டுமா?

பதில்: தியேட்டரைவிட ஆலோசனை அறையில் உட்காருங்கள். ஒருவருக்கு ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்வது எப்படி என்று கவனியுங்கள். படங்களை ஒப்புதல் வாங்கி, பிரிவின் கருவியில்தான் எடுக்க வேண்டும். உங்கள் கைபேசியில் அல்ல.

கேள்வி (பொது அறுவை சிகிச்சை, நான்காம் ஆண்டு): நான் வயிற்று அறுவைக்குத்தான் போகப்போகிறேன். இந்தச் சுழற்சி எனக்கு விடுமுறை மாதிரி என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

பதில்: வயிற்றுச் சுவரில் பெரிய குடலிறக்கத்தை மூட, தசை அடுக்குகளைப் பிரித்து நடுவே கொண்டுவரும் முறையை 1990இல் வெளியிட்ட ரமிரெஸ் பிளாஸ்டிக் சர்ஜன். 1954இல் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்து 1990இல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் மர்ரேயும் பிளாஸ்டிக் சர்ஜன்தான். தீக்காயமடைந்த சிப்பாய்களுக்கு வைத்த பிறர் தோல் ஏன் உதிர்கிறது என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோனது. சீனியர்களிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கை கால்களில் கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுக்கும்போது வெட்டை நீளவாக்கில் வையுங்கள். குறுக்கே வைத்தால், பிறகு கட்டியோடு அந்தத் தழும்பையும் எடுக்கும்போது பள்ளம் இரண்டு மடங்காகிறது, மூடுவது நாங்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை பேசிவிடுங்கள்.

கேள்வி: செய்த அறுவைகளைப் பதியும் லாக்புக்கில் எண்ணிக்கை நிறையவில்லை. தியேட்டரில் இடம் கிடைப்பதில்லை.

பதில்: தியேட்டரில் நால்வர் முட்டிமோதும்போது டிரெஸ்ஸிங் அறை காலியாகத்தான் இருக்கிறது. நேற்று வைத்த ஒட்டு, போன வாரம் திருப்பிய ஃபிளாப், பிரிந்துபோன தையல் எல்லாம் அங்கேதான் வரும். நாளைக் காலை முதல் ஆளாக வந்து நில்லுங்கள். கத்தரிக்கோல் உங்கள் கையில் இருக்கும்.