குரங்குகளின் எச்சரிக்கைக் குரல் என்றால் என்ன? ஆபத்துக்கு ஆபத்து அது ஏன் மாறுகிறது?

ஆபத்தைப் பார்த்த குரங்கு, கூட்டத்தில் மற்றவற்றுக்குக் கேட்கும்படி எழுப்பும் ஒலிதான் எச்சரிக்கைக் குரல். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளிடம் இது மிகத் தெளிவாகத் தெரியும்: சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று.

ஏன் மூன்று? தப்பிக்கும் வழி மூன்று என்பதால்தான். சிறுத்தை வந்தால் மரத்தில் ஏற வேண்டும். கழுகு வந்தால் அந்த மர உச்சியே ஆபத்து, புதருக்குள் பாய வேண்டும். பாம்பு என்றால் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லுக்குள் தேட வேண்டும். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு ஒதுங்குகிறோம், தீ அபாய மணிக்கு வெளியே ஓடுகிறோம் இல்லையா, அப்படித்தான்.

கென்யாவின் அம்போசெலியில் ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் இதைச் சோதித்து 1980-ல் வெளியிட்டார்கள். பதிவு செய்த குரல்களை, மறைத்து வைத்த ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். சிறுத்தையும் இல்லை, கழுகும் இல்லை. ஆனாலும் குரங்குகள் அந்தந்தக் குரலுக்கு ஏற்றபடியே நடந்துகொண்டன. எனக்கு மிகவும் பிடித்தது குட்டிகள் செய்யும் தவறு. காற்றில் உதிரும் இலையைப் பார்த்துக்கூட கழுகுக் குரல் கொடுத்துவிடும்! அப்புறம் வளர வளர, எதற்குக் கத்த வேண்டும் என்பது பிடிபடும்.

இதை மனித மொழி போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: இந்தக் குரல்கள் பெரும்பாலும் பிறவியிலேயே வருபவை, நாம் சொற்களைக் கோத்துப் புதுப்புது வாக்கியம் அமைப்பதுபோல் குரங்குகள் இவற்றைக் கோப்பதில்லை.