எத்தனையில் ஒரு பங்கு?

வணக்கம்.

மெல்பர்னுக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் மகளின் பள்ளி விழாவை, இந்த மண்ணின் மூத்தோருக்கு மரியாதை சொல்லி ஒரு மாணவி தொடங்கிவைத்தாள். தான் யோர்ட்டா யோர்ட்டா பழங்குடிப் பெண் என்றாள். செம்பட்டை முடி, நீலக் கண்கள். பக்கத்தில் இருந்தவர், "பதினாறில் ஒரு பங்கு இருந்தாலே இப்படிச் சொல்லிக்கொள்ளலாம், உதவித்தொகை வரும்" என்றார். வீடு திரும்பும்போது என் மகள், "நாம் அவளைவிடக் கறுப்பு, அவள் எப்படிப்பா பழங்குடி?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மரபணுச் சோதனை வைத்து ஓர் அளவை நிர்ணயித்துவிட்டால் சச்சரவு தீர்ந்துவிடாதா? மொழியும் சடங்கும் போய், நகரத்தில் எல்லோரையும்போல வாழ்கிறவரை எதை வைத்துப் பழங்குடி என்பது?

கே., மெல்பர்ன்

அன்புள்ள கே.,

சந்தேகத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் போட்ட கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது அவர் கண்டுபிடித்த கணக்கு அல்ல. நீங்கள் வசிக்கும் விக்டோரியாவிலேயே 1886இல் அது சட்டமாக இருந்தது. கலப்புப் பிறப்பு உள்ளவர்களில் 34 வயதுக்கு உட்பட்டவர்கள் இனிப் பழங்குடியினர் அல்லர், பழங்குடியினருக்கென ஒதுக்கிய குடியிருப்புகளைவிட்டு வெளியேற வேண்டும் என்றது அந்தச் சட்டம். மெல்பர்னுக்கு அருகே கொராண்டர்க் என்ற குடியிருப்பில், பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பயிரிட்டு, கண்காட்சியில் பரிசு வாங்கும் அளவுக்கு விவசாயம் செய்துகொண்டிருந்த மக்கள் இருந்தார்கள். கை கால் வலுவாக இருந்த பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டுக் கிழவர்களை மட்டும் உள்ளே வைத்தால் வயல் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. நிலமும் துண்டு துண்டாகக் கைமாறியது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1915 முதல் 1940 வரை பழங்குடியினர் நிர்வாகத்துக்குத் தலைமை வகித்த நெவில் என்பவர் 1947இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு புகைப்படம் இருக்கிறது. பாட்டி, மகள், பேரன், மூவரும் வரிசையாக நிற்கிறார்கள். பாட்டி கறுப்பு, மகள் நிறம் குறைவு, பேரன் வெள்ளைக்காரப் பிள்ளையைப் போல இருக்கிறான். படத்தின் கீழே அவர்களின் பெயர் இல்லை. அரை ரத்தம், கால் ரத்தம், அரைக்கால் ரத்தம் என்று எண்ணிட்டு, ஒவ்வொருவரின் தகப்பன் அயர்லாந்து வழியா ஸ்காட்லாந்து வழியா என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. மூன்று தலைமுறையில் ஓர் இனத்தைக் கரைத்துவிடலாம் என்பதற்கு அவர் காட்டிய சான்று அந்தப் படம். கலப்புப் பிறப்பினரை வெள்ளைச் சமூகத்தில் கரைப்பதே கொள்கை என்று 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் தீர்மானமே போட்டார்கள். அதற்காகத்தான் நிறம் வெளுத்த குழந்தைகளைத் தாயிடமிருந்து தேடித் தேடிப் பறித்தார்கள். 1910 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளில் குறைந்தது பத்தில் ஒருவர், அதிகபட்சம் மூன்றில் ஒருவர் இப்படிப் பறிக்கப்பட்டதாக 1997இல் வெளியான விசாரணை அறிக்கை சொல்கிறது.

அந்த மாணவியின் கண் நிறத்துக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மனமொத்த திருமணமாக இருக்கலாம். ஆட்டுப்பண்ணைக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையாகவும் இருக்கலாம். எதுவானாலும், அவளைக் கரைப்பதற்கென்று போட்ட கணக்கைக் கொண்டே "நீ கரைந்துவிட்டாய்" என்று இன்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழங்குடி மக்கள் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது கேட்பது வேறு கேள்வி: "உன் ஆட்கள் யார், உன் மண் எது?" நம் ஊர்த் திண்ணையில் இருக்கும் ஆத்தா, புதிதாகத் தெருவில் நுழையும் பிள்ளையை நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாளே, அதே கேள்விதான். பாட்டி பெயரைச் சொன்னால் போதும், "அடடே, அவள் பேரனா நீ" என்று உறவு வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே யாரும் பங்கு போட்டுப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியச் சட்டமும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது: பழங்குடி வம்சாவளி, தன்னை அப்படி உணர்தல், அந்தச் சமூகம் அவரை ஏற்றுக்கொள்ளுதல். இந்த மூன்றும் சேர வேண்டும். 1992இல், பழங்குடியினரின் நில உரிமையை ஏற்ற மாபோ வழக்கின் தீர்ப்பில் இது இடம்பெற்றது. நியூசிலாந்திலும் பாப்புவா நியூகினியிலும் பிறந்து ஆஸ்திரேலியக் குடியுரிமை பெறாத இரண்டு பேரை நாடு கடத்த முயன்றபோது, பழங்குடியினர் இந்த மண்ணுக்கு ஒருபோதும் அந்நியர் ஆக மாட்டார்கள் என்று 2020இல் நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சொன்னதும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

மரபணுச் சோதனையால் இது தீராது. சோதனை நிறுவனங்களிடம் பழங்குடியினரின் மாதிரிகள் மிகக் குறைவு. உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே அளவு மாறும். தலைமுறைகள் செல்லச் செல்ல, உண்மையான முன்னோர் ஒருவரின் தடயமே இல்லாமலும் போகலாம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை நெடுநேரம் உட்காரவைத்தது. அதை ஒரு நீதிமன்றமே யோர்ட்டா யோர்ட்டா மக்களிடம் கேட்டிருக்கிறது.

மர்ரே ஆற்றங்கரையில் பார்மா காட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்றின் அடிப்பகுதியில் ஆள் உயரத்துக்கும் மேலாக நீண்ட வடு இருந்தது. ஓடம் செய்வதற்காக எப்போதோ பட்டையை ஒரே துண்டாக உரித்த இடம். சுற்றியிருந்த பட்டை, உதடு மடிவதுபோல இரு பக்கமும் தடித்து உள்நோக்கி வளர்ந்திருந்தது. நடுவே சாம்பல் நிறத்தில் காய்ந்த மரம். மேலே கிளையெல்லாம் பச்சை. அந்த ஆற்றங்கரையின் மீதான உரிமையைக் கேட்டு யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994இல் மனுச் செய்தார்கள். 1998இல் நீதிபதி, வரலாற்றின் அலை அவர்களுடைய மரபை அடித்துச் சென்றுவிட்டது என்று தீர்ப்பளித்தார். மூத்தவர்கள் நேரில் சொன்ன சாட்சியத்தைவிட, 1840களில் அங்கே ஆடு மேய்த்த கர் என்ற வெள்ளைப் பண்ணையாரின் நினைவுக் குறிப்புக்கு அதிக மதிப்பு கிடைத்தது. உணவைத் தேவைக்கு மேல் எடுப்பதில்லை என்ற இன்றைய வழக்கம்கூட, கர் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை என்று மரபுக் கணக்கில் சேரவில்லை.

இன்னொன்று என்னால் மறக்க முடியாதது. 1881இல், அதே ஆற்றங்கரையில் கிறித்தவ ஊழியர் நடத்திய மலோகா மிஷன் குடியிருப்பில் இருந்த 42 பேர் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் அரசும் வெள்ளையரும் எடுத்துக்கொண்டார்கள், உழுது பிழைக்க ஒரு துண்டு கொடுங்கள் என்று கேட்டார்கள். பறிகொடுத்தவர்களின் அந்தக் குரலையே, அவர்கள் மரபு வாழ்க்கையைக் கைவிட்டதற்குச் சான்றாக நீதிபதி எடுத்துக்கொண்டார். 2002இல் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. மொழியைப் பேசினால் தண்டித்து, பிள்ளையைப் பிடுங்கி, நிலத்தைவிட்டு விரட்டிய பிறகு, "நீ அறுபடாமல் இருந்தாயா?" என்று கேட்பதில் நியாயம் இல்லை, கே. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அதே மலோகாவுக்கு அதே 1881இல் ஓர் ஆசிரியர் வந்தார். தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். 1885இல் ஏடா கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டா பெண்ணை மணந்தார். மலோகாவிலும், பிறகு அந்த மக்கள் இடம் மாறிய கம்மரகுஞ்சா குடியிருப்பிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பாடம் சொன்னார், மருந்தும் கொடுத்தார். ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து 1938 டிசம்பரில் மெல்பர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலம் நடத்திய வில்லியம் கூப்பர், ஏடாவின் சகோதரர், இவரிடம் படித்தவர். 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக் நிக்கல்ஸும் இவர் மாணவர். ஊரார் அவரை ஜேம்ஸ் தாத்தா என்றே அழைத்தார்கள். அவருடைய வழித்தோன்றல்கள் இன்று தங்களை யோர்ட்டா யோர்ட்டா என்கிறார்கள், இந்தியப் பாட்டனையும் மறக்கவில்லை. அவர்களைப் பங்கு போட்டால் எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

பொய்யாகச் சொல்லிக்கொள்பவர்களே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8,12,728 பேர் தங்களைப் பூர்வகுடிகள் என்று பதிந்தார்கள், ஐந்தே ஆண்டில் கால் பங்கு அதிகம். பிறப்பு மட்டும் அதற்குக் காரணம் அல்ல. 2016இல் டாஸ்மேனிய அரசு வம்சாவளி ஆவணம் கேட்பதைக் கைவிட்டபோது, உரத்து எதிர்த்தது அங்குள்ள பழங்குடி அமைப்புதான். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வலி இருக்கிறது: குழந்தையாகப் பறிக்கப்பட்டவர் அறுபது வயதில் தன் ஊரைத் தேடிப் போனால், அடையாளக் கடிதம் கொடுக்க அவரை அறிந்தவர் எவரும் உயிரோடு இருப்பதில்லை. இரண்டையும் தீர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள். பள்ளி விழாவில் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு அதில் வேலை இல்லை. மாணவர் உதவித்தொகையும் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் வருகிறது. 2020–22 கணக்குப்படி, அந்தச் சமூகத்தில் பிறக்கும் ஆண் பிள்ளை மற்ற ஆண்களைவிடச் சராசரியாக 8.8 ஆண்டுகள் குறைவாகவே வாழ்வான் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகளிடம் பதில் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்தமுறை அந்தப் பெண்ணைப் பார்த்தால், "உன் பாட்டிக்கு எந்த ஊர்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, தன் பாட்டியின் ஊரையும் சொல்லட்டும். விடுமுறையில் பார்மாவுக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். ஆற்றுக்கு அக்கரையில் கம்மரகுஞ்சா.

அன்புடன்.