ராத்திரி ஓட்டமும் தொலைந்த தூக்கமும்
மன அழுத்தம் குறைய ராத்திரி 9.30க்கு காபி குடித்துவிட்டு ஜிம்மில் ஓடுகிறீர்கள். 1 மணி வரை தூக்கமில்லை, படபடப்பும் கூடிவிட்டது என்கிறீர்கள். ஓடுவதை விட்டுவிடாதீங்க, நேரம்தான் தப்பு. மூச்சு வாங்க ஓடினால் உடம்பை உசுப்பிவிடும் அட்ரினலின் ஹார்மோனும் உடல் சூடும் ஏறும்; சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும். காலைக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் படுக்க 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். காபி மதியத்தோடு சரி.

முதல் 2 வாரம் வேகநடை போதும்: 30 நிமிடம், வாரம் 5 நாள். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். நடைதானே என்று நினைக்காதீங்க. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் 3 நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு ஓராண்டில் நினைவாற்றலைக் காக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுமார் 2% பெரிதானது.

3 வாரம் கழித்தும் படபடப்பு இருந்தால் டாக்டரைப் பாருங்கள், தைராய்டு டெஸ்ட்டையும் கேளுங்கள்.