வாசகர் கேள்வி: போன் வந்தாயிற்று, இனி?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் தான் பாவித்த அண்ட்ரொய்ட் போனை எனக்கு அனுப்பியிருக்கிறார். வயது 61. இதுவரை பட்டன் போன்தான் பாவித்தேன். எதில் தொடங்குவது? (வாசகி, உப்புவெளி)

பதில்: முதலில் மகனிடம் கேளுங்கள், தன் கூகுள் கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட்டாரா என்று. எடுக்காமல் 'ரீசெட்' (உள்ளதை எல்லாம் அழித்துப் போனைப் புதிதுபோல் ஆக்குவது) செய்தால், போனைத் திறக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு அப்படியே நின்றுவிடக்கூடும். களவு போன போனைப் பாவிக்கவிடாமல் வைத்த பூட்டு அது. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' போய்க் கணக்கை நீக்கிய பிறகே ரீசெட்.

பழைய பெரிய சிம்மை வெட்டிச் சிறிதாக்கிப் போடாதீர்கள். 2ஜி காலத்துச் சிம் என்றால் வெட்டினாலும் 4ஜி எடுக்காது. அடையாள அட்டையோடு சிம் நிறுவனத்தின் கடைக்குப் போய் நனோ சிம் (இப்போதைய போன்களில் போடும் மிகச் சிறிய சிம்) கேளுங்கள், நம்பர் மாறாது.

அடுத்தது உங்கள் பெயரில் ஒரு கூகுள் கணக்கு. 'நான் போட்டுத் தாறன் அம்மா' என்று கடைத் தம்பி சொன்னாலும் பக்கத்தில் இருந்து நீங்களே போடுங்கள். அவர் தன் நம்பரைக் கொடுத்துத் திறந்தால், கடவுச்சொல் மறந்த அன்று மீட்புக் குறியீடு அவருடைய போனுக்குத்தான் போகும். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். எழுதவே கூடாது என்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு மறதிதான் பெரிய ஆபத்து.

தட்டச்சுக்கு, ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் 'லாங்குவேஜஸ்' பகுதியில் தமிழைச் சேருங்கள். மைக் படத்தை அமுக்கிப் பேசினாலும் எழுத்தாக வரும்.

கேள்வி: வட்ஸ்அப் மட்டும்தான் பார்க்கிறேன். 1 ஜிபி போட்டால் இரண்டு நாளில் முடிகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: பெரும்பாலும் போனே தின்றிருக்கும். செட்டிங்ஸில் 'டேட்டா யூசேஜ்' திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். மேலே நிற்பவை அநேகமாக இரண்டு. ஒன்று பிளே ஸ்டோர்: கேட்காமலே செயலிகளைப் புதுப்பிக்கும். அதன் செட்டிங்ஸில் 'ஓவர் வைபை ஒன்லி' என்று மாற்றுங்கள். மற்றது வட்ஸ்அப்பேதான்: குடும்பக் குழுவில் விழும் காலை வணக்கப் படம் ஒவ்வொன்றையும், செட்டிங்ஸில் அப்படி இருந்தால் வீடியோவையும், நீங்கள் திறக்காமலே இறக்கி வைக்கும். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில், மொபைல் டேட்டாவுக்கான நான்கு பெட்டிகளில் எதில் சரி அடையாளம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு, படமும் வீடியோவும் தொட்டால்தான் இறங்கும்.

வட்ஸ்அப் குரல் அழைப்பு மணிக்கு ஏறக்குறைய 30 எம்பி. வீடியோ அழைப்பு அதைப்போல் பத்து மடங்கு. யூடியூப்பை 720 என்ற படத் தரத்தில் ஒரு மணிநேரம் பார்த்தால் கிட்டத்தட்ட 1 ஜிபி. 360-க்கு இறக்கினால் மூன்றில் ஒன்றே போகும். சிறிய திரையில் சமையல் வீடியோவுக்கு அது போதும்.

வட்ஸ்அப்புக்கென்று தனிப் பெக்கேஜ் போடுபவர்கள் இன்னொன்றிலும் மாட்டுகிறார்கள். குழுவில் வந்த யூடியூப் இணைப்பைத் தொட்டால் நீங்கள் வட்ஸ்அப்பை விட்டு வெளியே போய்விடுகிறீர்கள். அது பெக்கேஜில் சேராது, ரீலோட் பணத்தில் கை வைக்கும். 'நைட் டேட்டா' என்று கொடுப்பதும் பல பெக்கேஜ்களில் நள்ளிரவு 12 முதல் காலை வரைக்குத்தான். இரவு ஒன்பதுக்குப் படம் பார்த்தால் பகல் டேட்டாதான் குறையும்.

கேள்வி: 4ஜி ரவுட்டர் வாங்கினோம். தகரக் கூரை வீடு. உள்ளே சிக்னல் ஒரு கோடுதான். (வாசகர், கிண்ணியா)

பதில்: தகரம் அலையைத் திருப்பிவிடும். ரவுட்டரை டிவி மேசையிலிருந்து எடுத்து, டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், ஆள் உயரத்தில் வையுங்கள். போனின் பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எஸ்ஆர்பி' என்று சிக்னலின் வலிமையைக் காட்டும் ஓர் எண் இருக்கும். -85 நல்லது, -110 மோசம். ஒவ்வொரு ஜன்னலாக வைத்து இந்த எண்ணைப் பாருங்கள்; கோடுகளை நம்ப வேண்டாம். எங்குமே தேறாவிட்டால் கூரைக்கு வெளியே அன்டெனா பூட்டுங்கள், கேபிள் நீளம் குறைவாக இருக்கட்டும். கடற்காற்றுக்கு இணைப்பு முனை துருப்பிடிக்கும், ரப்பர் டேப் சுற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழை தொடங்கும் முன்பே பவர் பிளக்கோடு அன்டெனா வயரையும் கழற்றுங்கள்.

கேள்வி: பரிசு விழுந்திருக்கிறதாம், போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லலாமா? (வாசகி, மூதூர்)

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் உங்கள் வட்ஸ்அப்பை அவர்களுடைய போனில் திறக்கும் குறியீடு. சொல்லிவிட்டீர்கள் என்றால், உடனே உங்கள் போனில் வட்ஸ்அப்பை மறுபடி அதே நம்பரில் பதிவு செய்யுங்கள். அவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். பிறகு வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' போட்டு ஓர் இரகசிய இலக்கம் (PIN) வையுங்கள்.