படகை விடாதே

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஒன்பது வயதில் சென்னைத் துறைமுகத்துக்குள் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்ப்படகில் பாய் பிடிக்கக் கற்றவன். இப்போதும் லேசர் என்ற வகையில், ஒருவர் மட்டும் ஓட்டும் பழைய பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக டிரையத்லானில் பித்து. கோவாவில் நடக்கும் 70.3 பந்தயத்துக்கு (மொத்தத் தூரம் மைல் கணக்கில்) தயாராகிறேன்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைப் படகை நிறுத்து என்கிறார் பயிற்சியாளர். தொடை களைத்துப்போய் மறுநாள் சைக்கிளில் வாட்ஸ், அதாவது மிதிக்கும் திறன், குறைகிறதாம். படகுக்கு வெளியே சாய்ந்து உட்காருவதால் தொடைக்கும் வயிற்றுக்கும் கிடைக்கும் வலு சைக்கிளுக்கும் உதவும் என்று வாதாடிப் பார்த்தேன், ஏற்கவில்லை. விற்றால் நல்ல சைக்கிள் சக்கரங்கள் வாங்கலாம். பாய்ப்படகு வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்ற உறுத்தலும் உண்டு. இரண்டில் எதை விடுவது?

இன்னொன்று. சென்ற ஆண்டு ஒரு கடல் பந்தயத்தில் இருநூறு மீட்டர் போனதும் மூச்சு அடைத்து, காவலுக்கு நின்ற கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கிடந்தேன். நீச்சல்குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துகிறவன் நான். மனத்திடம் போதாது என்றார் பயிற்சியாளர். பயத்தைப் போக்க, விடிவதற்கு முன்பே பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு எதிரே தனியாகக் கடலில் நீந்திப் பழகுகிறேன். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளும் படகு கற்க வேண்டும் என்கிறாள்.

எஸ்.
சென்னை

அன்புள்ள எஸ்.,

‘இன்னொன்று’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தியைத்தான் நான்கைந்து முறை படித்தேன். எதை விடுவது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

இருட்டில், தனியாக, கடலில். அதுவும் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு எதிரே. அந்த வெள்ளை வளைவு எதற்காக அங்கே நிற்கிறது என்று ஒரு நாளாவது அருகில் போய்ப் படித்தீர்களா? 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காப்பாற்ற இறங்கிய ஷ்மிட் என்ற மனிதர் அந்த இடத்துக்குப் பக்கத்தில் மூழ்கிப் போனார். அவருக்காக எழுப்பிய சின்னம் அது. அதன் எதிரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நீரில் இறங்குகிறீர்கள்.

படகை எடுக்கும் நாளில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் துறைமுகத்தில் கற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான். உயிர்காப்பு உடையின் கொக்கியை மாட்டாமல் படகில் கால் வைக்க மாட்டீர்கள். மீட்புப் படகு வெளியே வராத நாளில் பாயை ஏற்ற மாட்டீர்கள். கொடிக்கம்பத்தைப் பார்ப்பீர்கள், மேகத்தைப் பார்ப்பீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள். ஏறக்குறைய முப்பது வருடத்து ஒழுங்கு அது. நீச்சல் கண்ணாடியை மாட்டியதும் அது எங்கே போய்விடுகிறது? படகில் போனால் கடல், நீந்திப் போனால் குளமா? நம் கரையில் அலை உடையும் இடத்தில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கிறது. நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. ஊரூர் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டால், இன்று நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு வார்த்தையில் சொல்வார். கேட்டீர்களா?

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் பந்தயங்களில் இறந்தவர்களையும் இதயம் நின்று மீண்டவர்களையும் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். காவல் படகும் மருத்துவரும் தயாராக நிற்கும் பந்தயங்களில் இது. உங்கள் விடியற்காலையில் யார் நிற்கிறார்கள்? மூச்சு அடைத்தது என்று எழுதுகிறீர்கள். அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதய மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொன்னால்தான் நான் கீழே எழுதுவதற்கெல்லாம் பொருள்.

இதற்கு மேல் திட்டவில்லை. இப்போது அந்த ‘மனத்திடம்’.

பத்தொன்பது வயதில் நானும் அதே துறைமுகத்துக்குள்தான் கற்றேன். எண்டர்பிரைஸ் என்ற இருவர் படகு, நீலப் பாய். கற்றுக்கொடுத்தவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டர் என்போம். மே மாதத்து நாள் ஒன்று. காலை முழுவதும் மேற்கிலிருந்து அனல் காற்று. பகல் ஒரு மணி வாக்கில் அது செத்துப் பாய் துவண்டு தொங்கியது. உங்களுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். கிழக்கே நீரின் மேல் கருநீலமாக ஒரு கோடு தோன்றும், கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி நெருங்கும். கோடு நம்மை எட்டும்போது கடற்காற்று வந்துவிட்டது என்று பொருள். அன்று நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தோம். பாய்க்கயிறு கட்டையில் இறுகக் கட்டியபடி இருந்தது. ஒரே அடி, படகு சாய்ந்தது.

பாய் என் தலைக்கு மேல் விரிந்து விழுந்தது. உச்சி வெயில் அதன் வழியே இறங்கி, உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. என் கை நீலம், நுரை நீலம். மூச்சை இழுத்தால் பாய் உதட்டில் வந்து ஒட்டியது. மாஸ்டர் கரையில் பலமுறை சொல்லியிருந்தார்: கையைத் தூக்கு, பாயைக் குடைபோல் உயர்த்து, அடியில் காற்று வரும், பிறகு ஒரு தையலைப் பிடி, அதை விடாமல் போனால் ஓரம் வரும். தையல் விரல் நுனியில் தட்டுப்பட்டது. இரட்டைத் தையல், நடுவில் சிறு மேடு. அதைத் தடவிக்கொண்டே வெளியே வந்து படகின் விளிம்பைப் பிடித்தேன்.

என்னோடு வந்தவன் கல்லூரி நீச்சல் அணியில் இருந்தவன். என்னைவிட இரண்டு மடங்கு நீந்துவான். படகுத்துறை இருநூறு மீட்டர்கூட இருக்காது. ‘நான் நீந்திப் போய் ஆளைக் கூட்டிவருகிறேன்’ என்று விளிம்பிலிருந்து கையை எடுத்தான். பாதித் தூரத்தில் எதிர்காற்றும் சிற்றலையும் அவன் முகத்தில் அறைய ஆரம்பித்தன. மீட்புப் படகு முதலில் என்னிடம் வந்தது, ஏனென்றால் கவிழ்ந்த படகு தெரிந்தது, அவன் தலை தெரியவில்லை. நான் கை காட்டித்தான் அவனைத் தேடினார்கள். தூக்கிப் போட்டபோது அவன் உதடு வெளுத்திருந்தது. மாஸ்டர் கத்தவில்லை. அவன் தோளில் துண்டைப் போட்டார். ‘படகு மிதக்கும். நீ மிதக்க மாட்டாய்’ என்றார். பிறகு எங்கள் இருவரையும் அதே படகில் ஏற்றி, அன்று மாலைக்குள் ஆறு முறை கவிழ்க்க வைத்தார். ஆறு முறையும் கவிழ்ந்தவுடன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். படகின் மேல் இருக்க வேண்டும்.

பாய்ப்படகு கற்கிறவனுக்கு முதல் பாடம் இதுதான், உலகம் முழுவதும் இதுதான். படகை விடாதே. கவிழ்ந்த படகைக் காற்று தள்ளிக்கொண்டே போகும். கை விட்டுப்போனால் நல்ல நீச்சல்காரனாலும் எட்டிப் பிடிப்பது கடினம். கட்டுமரக்காரர்களுக்கும் இதே பாடம்தான். கட்டிய மரங்கள் மூழ்காது. அலை புரட்டிப் போட்டாலும் மரத்தைப் பிடித்தவன் ஏறிக்கொள்வான்.

தம்பி, ஒன்பது வயதில் உங்கள் கைக்கு இது சொல்லிக்கொடுக்கப்பட்டது. அடிக்கடி கவிழ்ந்து, அடிக்கடி பிடித்து, யோசிக்காமலே பிடிக்கும் அளவுக்கு ஊறிப்போனது. கடலில் விழுந்தால் கை எதையாவது தேடும். குளத்தில் அது தேடுவதில்லை, பக்கத்திலேயே சுவர் இருக்கிறது. பந்தய நாளில் திறந்த நீரில் இருநூறு மீட்டர் போனீர்கள். நாற்புறமும் கடல். படகு இல்லை. முப்பது வருடமாகக் கற்ற கை, படகு எங்கே என்று கேட்டது. அதைத்தான் உங்கள் பயிற்சியாளர் மனத்திடம் இல்லை என்கிறார். அவருக்குச் சைக்கிள் தெரிந்திருக்கலாம். படகு தெரியாது. நீங்கள் பயந்தீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பயம் நன்றாகக் கற்றவனின் பயம் என்கிறேன். கயாக்கைப் பிடித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைப் பிடித்துக்கொண்டு முன்னே நகராதவரை விதியும் அனுமதிக்கிறது.

இந்த விளையாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற காயலை ஒட்டி, டிரையத்லான் என்ற பெயரில் முதல் பந்தயம் நடந்தது. 46 பேர். அன்று ஓட்டம் முதலில், நீச்சல் பின்னால். கடைசியாக வந்தவர்கள் நீரில் இருக்கும்போதே இருட்டிவிட்டது. கார்களைக் கரையில் நிறுத்தி, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் அவர்களைக் கரையேற்றினார்கள். களைத்தவனை நீரில் இறக்கக் கூடாது என்பதால்தான் இன்று நீச்சல் முதலில் வருகிறது. அந்த 46 பேரில் ஒருவர் ஜான் காலின்ஸ், கடற்படை அதிகாரி. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹூ தீவில் அவரும் மனைவி ஜூடியும் தொடங்கியதுதான் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான். பதினைந்து பேர் புறப்பட்டு, பன்னிரண்டு பேர் முடித்தார்கள். இடையே 1975-இல் கொரோனாடோ என்ற ஊரில் ஆப்டிமிஸ்ட் என்ற சேவைச் சங்கத்தின் விழாவில் நடந்த டிரையத்லானிலும் காலின்ஸ் தம்பதி கலந்துகொண்டார்கள். அந்தப் பெயர் உங்களுக்கு எங்கே பழக்கம்? 1947-இல் புளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊரில், அதே சங்கத்தின் இன்னொரு கிளைக்காகக் குழந்தைகளுக்கென்று கிளார்க் மில்ஸ் வரைந்த சிறு படகுதான் நீங்கள் கற்ற ஆப்டிமிஸ்ட். உங்கள் இரண்டு ஆசைகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து எழுந்தவை. இதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களுக்கும் தர வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? குளத்தில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டுவதால் இது தீராது. கைக்குக் கற்றுக்கொடுத்ததைக் கையிடமே பேசித் தீர்க்க வேண்டும். அமைதியான, குளிக்கத் தகுந்த நீரில் ஒரு படகை நங்கூரம் போட்டு நிறுத்துங்கள். மிதக்கவிடக் கூடாது, காற்று அதை உங்களிடமிருந்து பறித்துவிடும். படகில் நீச்சல் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கட்டும். இடுப்பில் கயிறு கட்டிய நீச்சல் மிதவை உங்கள் பின்னே வரட்டும். விளிம்பைப் பிடித்தபடி முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை முழுவதுமாக வெளியே விடுங்கள். உள்ளே இருப்பதை வெளியே விடாவிட்டாலும் கடலில் மூச்சு அடைக்கும். பிறகு கையை எடுங்கள். பத்து வீச்சு போய்த் திரும்பி வந்து படகைத் தொடுங்கள். அடுத்து இருபது. நடுவில் ஒருமுறை மல்லாந்து மிதந்து வானத்தைப் பாருங்கள், எண்ணிக்கை வேண்டாம். ஒரு மாதம் இதை மட்டும் செய்யுங்கள். கைக்கடிகாரத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போங்கள். படகு இருக்கும் இடத்தில் இருக்கிறது, திரும்பி வந்தால் தொடலாம் என்று கை நம்பிய பிறகு, படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

வாட்ஸ் கணக்கையும் சக்கர விலையையும் படித்தேன். சொல்ல ஒன்றுமில்லை. வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்ற உறுத்தலைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதலாம். இப்போதைக்கு ஒன்று: 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், உங்கள் லேசர் வகைப் படகிலேயே வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர், ராணுவத்தில் பணியாற்றுபவர்.

படகுக்காகப் பரிந்துபேசும்போது தொடைத் தசையைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. சைக்கிளுக்கு உதவும் என்பதற்காகவா ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போகிறீர்கள்? காற்றில் போகப் பிடித்திருக்கிறது என்று பயிற்சியாளரிடம் நேராகச் சொல்லுங்கள். பந்தயத்துக்கு முந்தைய ஆறு வாரம் படகை உறைபோட்டு மூடி வைத்தால் அவருக்கும் திருப்தி, படகும் கோபித்துக்கொள்ளாது. விற்க வேண்டாம்.

மகளை எப்போது சேர்க்கிறீர்கள்? முதல் சில வகுப்புகளுக்குள் கவிழ்க்கும் பயிற்சி வரும். நீரில் விழுந்ததும் அவள் கை எங்கே போகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. நாளைத் தெரிவியுங்கள், படகுத்துறைக்கு வந்து உங்களோடு நிற்கிறேன்.