காட்டுத் தீ பயம்: வீட்டு பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கிறார்கள்

கேள்வி: கலிபோர்னியாவில், சேக்ரமென்டோவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் வீடு. இதுவரை ஒரு கிளெய்ம்கூட வாங்கியதில்லை. தீ அபாயத்தைக் காரணம் காட்டி, பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக் கடன் பாதி பாக்கி. காப்பீடே வேண்டாம், அந்தப் பணத்தை முதலீடு செய்யலாம் என்கிறார் கணவர்.

பதில்: கடன் தீரும்வரை உங்கள் கணவரின் யோசனைக்கு இடமே இல்லை. காப்பீடு இல்லை என்று தெரிந்தால் வங்கியே ஒரு பாலிசியை எடுத்து, செலவை உங்கள் தலையில் கட்டிவிடும். விலையும் அதிகம், பெரும்பாலும் வங்கியின் பணத்துக்குத்தான் காவல், உங்கள் சாமான்களுக்கு அல்ல.

சரி, கடிதத்துக்கு வருவோம். பாலிசி முடிய குறைந்தது 75 நாள் முன்பே அது அனுப்பப்பட்டிருக்க வேண்டும் (முன்பு 45 நாள்தான்). தாமதம் என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுங்கள்.

அடுத்து, உங்கள் ஜிப் கோடைப் (அஞ்சல் குறியீட்டு எண்) பாருங்கள். 2018இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. காட்டுத் தீக்காக ஆளுநர் அவசரநிலை அறிவித்தால், தீப்பட்ட பகுதியிலும் அதை ஒட்டிய ஜிப் கோடுகளிலும், தீ அபாயத்தைச் சொல்லி ஓராண்டுக்கு எந்த நிறுவனமும் வீட்டு பாலிசியைக் கைவிட முடியாது. வீடு எரியாதவர்களுக்கும் இது பொருந்தும். பலருக்கு இது தெரிவதில்லை. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போதும் இந்தத் தடை வந்தது. தடை உள்ள ஜிப் கோடுகளின் பட்டியல் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் இருக்கும். ஆனால் இந்தச் சட்டம் பிரீமியம் ஏறுவதைத் தடுக்காது. ஓராண்டு முடிந்ததும் கடிதம் மறுபடி வரலாம்.

பட்டியலில் இல்லையா? உங்கள் வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் போட்ட தீ அபாய மதிப்பெண்ணைக் கேளுங்கள். 2022 விதிகளின்படி அதைத் தெரிந்துகொள்ளவும், தவறென்றால் மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. சுவரை ஒட்டி 5 அடிக்குள் செடி, விறகு இல்லாமல் வைத்தால் பிரீமியத்தில் தள்ளுபடியும் உண்டு.

வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கான ஃபேர் பிளானைக் (FAIR Plan) கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது அரசுப் பணத்தில் நடப்பதல்ல, காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டு நிதி. தீ, மின்னல், புகை போன்றவற்றுக்குத்தான் பணம் தரும். திருட்டுக்கும் குழாய் உடைப்புக்கும் தராது. அதற்குத் துணை பாலிசி ஒன்று தனியாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து விலை கேட்டு ஒப்பிடுங்கள். எதை எடுத்தாலும், பழைய பாலிசி முடியும் அதே நாளில் புதியது தொடங்க வேண்டும்.