பறவைப் புள்ளியைச் சர்வே நம்பரோடு சேருங்கள்

தென்சென்னை மேடவாக்கம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளமான நிலம். மழை பெய்தால் நாலு மாதம் தண்ணீர் நிற்கும், நீளவால் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் வரும். ஐந்து வருடமாகச் செல்போனில் இடத்தோடு குறித்து வைத்திருக்கிறோம். இப்போது மனைக்கல் நடுகிறார்கள். இதை வரைபடமாக்கிக் கொடுத்தால் அரசு கேட்குமா?"

கேட்க வைக்கலாம். ஆனால் பறவை வரைபடத்தை மட்டும் கொண்டுபோனால் வாங்கி வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். தாலுகா அலுவலகத்திலும் சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலும் நிலம் என்றால் சர்வே நம்பர்தான். உங்களிடம் இருப்பதோ புள்ளிகள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவதுதான் முக்கால்வாசி வேலை.

முதலில் அரசின் நில ஆவணத் தளத்தில் அந்த நிலத்தின் அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்ற பதிவு) புலப்படத்தையும் (சர்வே நம்பரின் எல்லை அளவு வரைபடம்) எடுங்கள். ஏரி, தாங்கல் (சிறு ஏரி), வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. பட்டா நிலம் என்றிருந்தாலும் விட்டுவிடாதீர்கள், வாதம்தான் மாறும். அப்புறம் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துங்கள். பழைய கோயில், கிணறு, ஏரிக்கரை முனை, எல்லைக்கல் என்று இடம் மாறாத நாலைந்தைப் பிடித்துக்கொண்டால் படம் உட்காரும். செல்போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதனால் எல்லையை ஒட்டிய புள்ளிகளை வைத்து "இந்த நம்பருக்குள்தான்" என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, தண்ணீரின் வரலாறு. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம். 2015 முதல் சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால் நமக்குத் தண்ணீர் நிற்கிற நவம்பர், டிசம்பரில்தான் வானம் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களுக்குச் சென்டினல்-1 ரேடார் படம் எடுங்கள். மேகம் அதற்குத் தடையில்லை, அசையாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய இடம் மட்டும் ஏமாற்றும், செயற்கைக்கோளுக்கு அது பசுமையான வயல் மாதிரி, அங்கே நீங்கள் நேரில் எடுத்த போட்டோதான் சாட்சி. பல வருடம் முன்பு நானே ஒரு மனுவில் மே மாதப் படத்தை வைத்து எல்லை வரைந்து கொடுத்தேன். "இங்கே தண்ணீரே இல்லையே" என்று ஒரே கேள்வியில் முடிந்துபோனது. அந்த இடத்தில் இன்றைக்கு வீடுகள். அது இன்னும் எனக்கு வலிக்கிறது. ஒரு படம் போதாது, ஐந்தாறு மழைக்காலங்களை வரிசையாக வையுங்கள்.

இன்னொரு தவறு நிறையப் பேர் செய்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றிருக்கும் நில உயரத் தரவை இறக்கி, தண்ணீர் ஓடும் பாதையைக் கணினியையே வரையச் சொல்கிறார்கள். மலைப்பக்கம் அது சரி. தென்சென்னை தட்டையான பூமி, இங்கே ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தைவிட அந்தத் தரவின் பிழை பெரிது. இந்தப் பகுதி ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு (சதுப்பு நிலத்துக்கு) போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளத்தில் கடல் சேர்கிறது. உங்கள் பள்ளம் அந்தச் சங்கிலியில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மழை நாளில் குடையோடு நடந்து ஒவ்வொரு சிறுபாலத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று குறியுங்கள். எந்த மென்பொருளையும்விட அதைத்தான் நான் நம்புவேன். பட்டா நிலத்துக்கு உங்கள் வாதமும் இதுவே: இங்கே கட்டினால் இந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று சர்வே நம்பரோடு காட்ட முடியும். பறவைக்காக மட்டும் கேட்டால் கேட்காதவர்களும் இதற்குக் காது கொடுப்பார்கள்.

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தோடு அதைப் பாதிக்கும் சுற்றுப்பகுதியையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. உங்கள் நிலத்துத் தண்ணீர் கழுவெளிக்குத்தான் போகிறது என்று காட்ட முடிந்தால் மாநில ஈரநில ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சிஎம்டிஏவின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தச் சர்வே நம்பருக்கு என்ன நிலப்பயன்பாடு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். அதை மாற்றக் கேட்டு விண்ணப்பம் போனால் நாளிதழில் அறிவிப்பு வரும், உங்கள் ஆட்சேபம் அப்போதே போய்ச் சேர வேண்டும். மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கும் இதே வரைபடத்தைக் கொடுக்கலாம்.

மனுவில் ஒரே பக்க வரைபடம் போதும்: சர்வே நம்பர், வருடவாரியாகத் தண்ணீர் எல்லை, பறவைப் புள்ளிகள், ஓடும் திசை. கூடு இருக்கும் இடங்களை மட்டும் பொதுவில் போடும் பிரதியில் காட்டாதீர்கள், முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆள் வந்துவிடும். மனுவைக் கொடுத்தால் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.